மனைவியின் விசாவில் போனவர் வாய் திறக்கக் கூடாதா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இங்கிலாந்துக்குப் போயிருக்கும் 39 வயதுக்காரர் ஒருவரின் கடிதம் இது. போனிலேயே தட்டி அனுப்பியிருக்கிறார். நீளமான கடிதம். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மனைவி கோயம்புத்தூரில் நர்சிங் படித்தவர். வட இங்கிலாந்தில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஒன்பது மாதத்துக்கு முன் இவரும், எட்டு வயது மகளும், ஐந்து வயது மகனும் டிபெண்டன்ட் விசாவில் (அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கான விசா) போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் அப்பாவின் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு மினி லாரி ஓட்டியவர் இப்போது ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். வாரம் 30 மணி நேரம், மணிக்கு 8 பவுண்டு, கையில் காசு, ரசீது கிடையாது. "டிபெண்டன்டுக்கு இவ்வளவுதான்" என்கிறாராம் முதலாளி. முதலில் குடியிருந்த வீட்டைக் காலி செய்து மூன்று மாதம் ஆகியும் 1,400 பவுண்டு டெபாசிட் திரும்பி வரவில்லை. கேட்டால், "ஹோம் ஆபீஸுக்கு (விசா விவகாரங்களைப் பார்க்கும் பிரிட்டிஷ் உள்துறை) எழுதிப் போட்டுவிடுவேன்" என்று வீட்டுக்காரர் மிரட்டுகிறார். "நான் அவள் விசாவில் தொங்கிக்கொண்டிருக்கிறேன் அக்கா. நான் வாய் திறந்தால் அவள் வேலைக்கும் சேர்த்து வேட்டு" என்று எழுதியிருக்கிறார்.

இதோடு நிற்கவில்லை. தெரிந்தவர் ஒருவர், 9,000 பவுண்டு கொடுத்தால் முதியோர் இல்லம் ஒன்றில் ஸ்பான்சர் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி) வாங்கித் தருகிறேன், சொந்த விசாவில் நிற்கலாம் என்கிறார். இன்னொருவர் பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகை வாங்கச் சொல்கிறார். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அதற்கும் தோப்பு வேலைக்குமாக ஜனவரியிலிருந்து ஏழு மாதம் ஊரில் இருக்கத் திட்டம். அந்த நேரத்தில் தோப்பைத் தன் பெயருக்கு மாற்றி, விலைக்கு வந்திருக்கும் பக்கத்து ஒரு ஏக்கரையும் வாங்கிவிட நினைக்கிறார்.

*

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பயப்படத் தேவையில்லாத இடத்தில் நடுங்குகிறீர்கள். பயந்தே ஆகவேண்டிய இடத்தில் டிக்கெட் போடும் அளவுக்குத் தைரியமாக இருக்கிறீர்கள். இரண்டையும் இடம் மாற்றி வைப்பதுதான் இந்தப் பதிலில் என் வேலை.

முன்கூட்டியே ஒன்று. நான் பாலக்காட்டுச் சித்தூரில் வக்கீல் (ஆந்திராச் சித்தூர் என்று நினைத்து எனக்கு வரும் கடிதங்கள் தனிக் கதை). பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை சொல்ல, ஒன்று சொலிசிட்டர் போல அங்கே தகுதி பெற்ற வக்கீலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் அங்கே ஆலோசனை சொல்வது குற்றம். நான் சொல்லப்போவது எல்லாருக்கும் பொதுவான விதிகளை. விசா படிவம் நிரப்பும் கட்டம் வந்தால் பதிவு பெற்ற ஒருவரிடம் போங்கள். 9,000 பவுண்டு நண்பரிடம் அந்தப் பதிவு இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அப்புறம் அவர் போன் எடுக்கமாட்டார்.

எட்டு பவுண்டுச் சம்பளம்

உங்கள் முதலாளி சொல்வது பொய். டிபெண்டன்ட் விசாவில் வந்த கணவன் அல்லது மனைவி எந்த வேலையும் செய்யலாம். தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ இருப்பதற்கு மட்டும்தான் தடை. சம்பளத்தில் விசாவுக்கொரு விலை என்று எதுவும் கிடையாது. 21 வயது நிரம்பிய யாருக்கும் குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரல் முதல் மணிக்கு 12.21 பவுண்டு, 2026 ஏப்ரல் முதல் 12.71. பழைய கணக்கிலேயே பார்த்தாலும் வாரத்துக்கு 126 பவுண்டு உங்களிடமிருந்து போகிறது. ஊர்ப் பணத்தில் இதைப் பெருக்கிப் பார்க்காதீர்கள், தூக்கம் போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே சம்பளச் சீட்டு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது கையில் இல்லை என்றால் வரி கட்டியதற்கு ஆதாரம் இல்லை, தேசியக் காப்பீட்டில் உங்கள் கணக்கும் ஏறாது. பின்னாளில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கும்போது, கணக்கில் வராத வருமானம் முதலாளியை விட்டுவிட்டு உங்களைத்தான் கேள்வி கேட்கும். ஆகவே இந்த விஷயத்தில் சும்மா இருப்பதுதான் ஆபத்து. எந்த நாள் எத்தனை மணி நேரம் வேலை, கையில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று இன்றிரவே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். முதலாளியின் வாட்ஸப் செய்திகளை அழிக்காதீர்கள். வேலையிடத் தகராறுகளில் உதவும் ஏகாஸ் என்ற அமைப்பின் உதவித் தொலைபேசியில் இலவசமாக வழி சொல்வார்கள். தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும் கெடு மாதக் கணக்கில்தான் இருக்கும், வருஷக் கணக்கில் தள்ளிப்போட முடியாது.

வேறு வேலை தேடுவதும் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. உங்கள் விசா இப்போது மின்னணு வடிவில் இருக்கிறது. அந்தக் கணக்கில் நுழைந்தால் 'ஷேர் கோடு' ஒன்று எடுக்கலாம், 90 நாள் செல்லும். வேலை கொடுப்பவர் அதைப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கு வேலை செய்யும் உரிமை உண்டு என்று அரசே சொல்லிவிடும். தேசியக் காப்பீட்டு எண் வந்து சேரும்வரை வேலையில் சேரக் கூடாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் தவறு. உரிமையை நிரூபித்தால் சேரலாம், எண்ணைப் பின்னால் கொடுக்கலாம்.

இந்த நிலையில், 9,000 பவுண்டு கொடுத்து நீங்கள் வாங்கப்போவது என்ன? எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம் என்ற இன்றைய சுதந்திரத்தை விற்றுவிட்டு, ஒரே முதலாளியின் கையில் இருக்கும் கயிற்றை. ஸ்பான்சர் சான்றிதழை விலைக்கு விற்பதே சட்டவிரோதம். அந்த இல்லத்தின் ஸ்பான்சர் உரிமம் ரத்தானால் பணமும் போகும், விசாவும் போகும். "சொந்தக் காலில் நிற்க வேண்டும்" என்ற உங்கள் ரோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது சொந்தக் கால் இல்லை தம்பி.

டெபாசிட்

கடிதத்தில் ஒரு வரியில் வாடகை மாதம் 850 பவுண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை எழுதினீர்கள். இங்கிலாந்தில் 2019-இல் வந்த வாடகைக் கட்டணச் சட்டப்படி, உங்கள் வீடு போன்ற சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. 850-ஐ 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்து ஐந்து வாரம் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 980. அவர் வாங்கியது 1,400. அதாவது சுவரில் கறை, கார்ப்பெட்டில் எண்ணெய் என்று அவர் சொல்லும் காரணங்களுக்குப் போவதற்கு முன்பே, 420 பவுண்டு அவர் தொடவே கூடாத பணம்.

அடுத்தது, வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஏதாவது ஒன்றில் பதிந்து, அந்த விவரத்தை உங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும். மூன்று திட்டங்களின் இணையதளத்திலும் தேடிப் பார்க்கும் வசதி உண்டு. உங்கள் பெயர், பழைய வீட்டு அஞ்சல் குறியீடு, குடியேறிய மாதம் கொடுத்துத் தேடுங்கள். பதிந்திருந்தால் அந்தத் திட்டமே காசு வாங்காமல் தகராறைத் தீர்த்துவைக்கும். பதியாமல் விட்டிருந்தால், டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை உங்களுக்குக் கொடுக்கும்படி கோர்ட் அவருக்குச் சொல்லலாம். இதைத் தெரிந்துகொண்டு எழுதப்படும் ஒரு கடிதத்துக்கே பல வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பு பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தால் கடிதம் எழுத உதவுவார்கள்.

ஹோம் ஆபீஸ் மிரட்டலுக்கு வருகிறேன். என்ன எழுதுவார்? "என் வாடகைக்காரர் தன் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்" என்றா? டெபாசிட் கேட்பது, கூலி கேட்பது, கோர்ட்டுக்குப் போவது எதுவும் விசாவை மீறிய செயல் ஆகாது. உங்கள் மனைவியின் வேலைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

டாக்டரும் டிரைவிங் லைசென்ஸும்

மகனுக்குக் காய்ச்சல் வந்த இரவு, அவசரப் பிரிவில் ஆறு மணி நேரம் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எழுதியிருந்தீர்கள். பில் எல்லாம் மனைவி பெயரில் இருப்பதால் உங்களையும் பிள்ளைகளையும் குடும்ப டாக்டரிடம் பதியவில்லை என்கிறீர்கள். ஜி.பி.யிடம் பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை. கேட்பார்கள், இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. கட்டணமும் இல்லை. இந்த வாரமே பதியுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத இரவுக் காய்ச்சலுக்கு 111-ஐக் கூப்பிடலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்கும் காசு கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் நேராகப் போய் ஆன்டிபயாடிக் கேட்கும் நம்மூர் வழக்கம் மட்டும் அங்கே நடக்காது, அதில் கோபப்படாதீர்கள்.

இந்திய லைசென்ஸில் பன்னிரண்டு மாதம்தான் ஓட்டலாம், அங்கே குடியேறிய நாளிலிருந்து கணக்கு. உங்களுக்கு மூன்று மாதம் மிச்சம். சர்வதேச பெர்மிட் எடுத்தால் நீளும் என்று நினைக்கிறீர்கள், நீளாது. அதற்கப்புறம் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, இன்சூரன்ஸும் நிற்காது. ஆன்லைனில் 34 பவுண்டு கட்டி புரொவிஷனல் லைசென்ஸ் வாங்குங்கள், அடுத்து எழுத்துத் தேர்வு, அப்புறம் சாலைத் தேர்வு. சாலைத் தேர்வுக்கு நாள் கிடைக்கவே மாதங்கள் ஆகும் என்பதால் இன்றே தொடங்குங்கள். வேலந்தாவளம் செக்போஸ்டில் இருபது வருஷம் லாரி நிறுத்தி எடுத்தவர் நீங்கள். ஓட்டத் தெரியாமல் தேர்வில் தோற்கமாட்டீர்கள், கண்ணாடி பார்க்காமல் தோற்பீர்கள். தலையைத் திருப்பிப் பார்ப்பது பரீட்சகருக்குத் தெரியவேண்டும்.

நிஜமாகவே பயப்பட வேண்டியவை

பிள்ளைகளுக்கான சைல்டு பெனிஃபிட்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் விசாவில் 'பொது நிதி பெறக் கூடாது' என்ற நிபந்தனை இருக்கிறது, அந்த உதவித்தொகை பொது நிதிப் பட்டியலில் வருகிறது. உங்கள் நண்பர் வாங்குகிறார் என்றால் அவர் விசா வேறாக இருக்கலாம், அல்லது அவர் இன்னும் மாட்டவில்லை. அதே சமயம், பயந்துபோய் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லவும் தேவையில்லை. அரசுப் பள்ளி, மருத்துவம், உங்கள் மகன் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் இலவச மதியச் சாப்பாடு இதெல்லாம் பொது நிதியில் சேராது. மகனுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுத்தனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். அவனுக்குப் பிடித்தால் கொடுங்கள், சட்டத்துக்குப் பயந்து கொடுக்க வேண்டாம்.

அடுத்தது ஏழு மாத ஊர்ப் பயணம். நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. டிபெண்டன்டுக்கும் இதே விதிதான். ஏழு மாதம் என்றால் 210 நாள். மனைவி தகுதி பெறும்போது நீங்கள் மட்டும் பின்தங்குவீர்கள். இந்தத் தகுதிக் காலம் ஐந்து வருஷம் என்பதைப் பத்தாக்கும் யோசனையை 2025 மே மாதம் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை முன்வைத்தது. அப்படியானால் இழந்த வருஷத்தின் விலை இன்னும் கூடும். அப்பாவின் ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் போங்கள், தோப்பு வேலைக்கு இன்னொரு முறை போங்கள். புறப்படும் தேதி, திரும்பிய தேதி இரண்டையும் எழுதிவையுங்கள்.

பிள்ளைகளையும் ஊர் மாரியம்மன் நோன்புக்குக் கூட்டிப்போகும் யோசனை இருந்தால், பள்ளி விடுமுறைக்குள் முடியுங்கள். பள்ளி நடக்கும் நாளில் அனுமதியில்லாமல் ஐந்து நாள் போனாலே அபராதம் வரலாம். பெற்றோர் ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண்டு. உங்கள் வீட்டுக் கணக்கில் 320.

மனைவியின் வேலை போனால் என்ன ஆகும் என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்பான்சர்ஷிப் நின்றுபோனதாக மருத்துவமனை தெரிவித்தபின், ஹோம் ஆபீஸ் வழக்கமாக 60 நாளாக விசாவைச் சுருக்கும். உங்களுடையதும் அதோடு சுருங்கும். அதற்குள் அவர் வேறு ஸ்பான்சரைப் பிடித்து விண்ணப்பித்துவிட வேண்டும். அவர் தானாக வேறு மருத்துவமனைக்கு மாறுவதானாலும், புதிய அனுமதி வந்தபின் பழைய வேலையை விடுவதுதான் முறை.

'தொங்கிக்கொண்டிருக்கிறேன்' என்ற உங்கள் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லலாமா? இரவு ட்யூட்டி முடிந்து அவர் எட்டரைக்கு வரும்போது, பிள்ளைகளுக்குச் சீருடை போட்டு வாசலில் தயாராக நிற்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அங்கே இல்லாவிட்டால் அவரால் இரவு ட்யூட்டி பார்க்க முடியுமா? இதைச் சட்ட ஆலோசனையாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொல்கிறேன்.

அப்பாவின் தோப்பு

இது என் ஊர் விஷயம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தட்டைக் கழுவிக்கொண்டே, "இந்நேரம் ஆழியாற்றுத் தண்ணி வாய்க்காலில் வந்திருக்கும்" என்று நினைத்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். மனசு இன்னும் தோப்பில் இருக்கிறது. சட்டம் மனசைப் பார்ப்பதில்லை. எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாத நோக்கத்தோடு நாட்டை விட்டுப் போனவரை, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா வெளிநாட்டில் வசிப்பவராகத்தான் பார்க்கிறது. அப்படிப்பட்டவர் இந்தியாவில் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்கக் கூடாது. மீறினால் அபராதம் தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகும். ஆகவே பக்கத்து ஒரு ஏக்கர் உங்கள் பெயரில் வேண்டாம்.

பலருக்குத் தெரியாத விஷயம், விவசாய நிலத்தைத் தானமாகவும் வாங்கக் கூடாது என்பது. அப்பா உயிரோடிருக்கும்போதே தோப்பை உங்கள் பெயருக்கு ஆதாரம் (பத்திரம்) எழுதிவைத்தால், சட்டத்தின் கண்ணில் அது தானம். அதே தோப்பு அவர் காலத்துக்குப்பின் உயில் மூலமோ வாரிசுரிமையிலோ வந்தால் தடையே இல்லை. ஊரில் இருந்தபோது நீங்களே வாங்கிய நிலம் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒரே மண்தான், வரும் வழியில்தான் வித்தியாசம். வில்லேஜ் ஆபீஸ் கரம் (நில வரி) ரசீதில் 'புரயிடம்' (வீட்டடி நிலம்) என்றுதானே போட்டிருக்கிறது, விவசாய நிலம் என்று இல்லையே என்று ஆதாரம் எழுதுபவர் உங்களுக்குத் தைரியம் சொல்வார். வாதாட இடமுண்டு. ஆனால் மூன்று ஏக்கரில் பாதி மரத்தைக் கள்ளுக்கு விட்டிருக்கும் ஒரு தோப்பை, வீட்டு மனை என்று சொல்லி நிற்க நான் என் கட்சிக்காரரை அனுப்பமாட்டேன்.

"தங்கச்சி பெயரில் வாங்கிப் போட்டால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் உங்களுடையது, பெயர் அவருடையது, உரிமை உங்களுக்கு என்றால் அதற்குப் பெயர் பினாமி, அது தனிக் குற்றம். அப்பாவுக்கு வங்கி வழியாகப் பணத்தை அன்பளிப்பாகக் கொடுத்து, அவர் தனக்கென்றே வாங்கினால் தவறில்லை. ஆனால் அந்த நிலம் நிஜமாகவே அவருடையதாக இருக்க வேண்டும். அதை அவர் யாருக்குக் கொடுத்தாலும் நீங்கள் கேட்க முடியாது. அதற்கு மனசு ஒப்பினால் செய்யுங்கள்.

சின்ன விஷயங்கள் இரண்டு. ஊரில் உள்ள உங்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். அந்தக் கணக்கில் பி.எம். கிசான் 2,000 ரூபாய் இன்னும் விழுவதாகச் சொல்கிறீர்கள். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அந்தத் திட்டம் கிடையாது. அரசு திருப்பிக் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே விலகி, போனபின் வந்த தவணைகளைத் திருப்பிக் கட்டிவிடுங்கள்.

ஆகவே ஜனவரியில் ஊருக்கு வரும்போது, சப் ரிஜிஸ்டர் ஆபீஸில் தோப்பை மாற்றும் வேலையை விட்டுவிட்டு, உயில் எழுதலாமா என்று அப்பாவிடம் கேளுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். அவருக்கு மலையாளம் எழுத வராது என்கிறீர்கள், தமிழிலேயே எழுதட்டும், செல்லும். அவர் கையெழுத்தும், அவர் போட்டதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுவது நல்லது. சாட்சியாக உங்களையோ தங்கச்சியையோ வைக்காமல், அப்பாவைவிட இளையவர்களான இரண்டு அக்கம்பக்கத்தாரை வையுங்கள். எழுதுவதற்கு முன்பே தங்கச்சியையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். ஆபரேஷனுக்கு முன்பு செய்வதா பின்பு செய்வதா என்று கேட்டால், முன்பு என்பேன். மயக்க மருந்து தெளியாத நிலையில் எழுதியது என்று நாளைக்கு யாரும் கோர்ட்டில் சொல்ல இடம் வைக்க வேண்டாம்.